அவன் கணக்கில் தப்பில்லை

கிள்ளானில் எங்கள் தாமானில் ஒரு பையன். எஸ்பிஎம் முடித்த கையோடு துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். டிப்ளோமா படிக்க இடம் கிடைத்தும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இங்க 1,700 வெள்ளி, ஓவர்டைம் தனி. எங்க அக்கா டிகிரி முடிச்சிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஆபீஸ்ல 2,200 வாங்குறாங்க. அதுல பிடிபிடிஎன் கடன், ரூம் வாடகை எல்லாம் போகணும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கண்ணே" என்றான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று திட்டிவிடலாம். வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவன் கணக்கில் தப்பில்லை. தப்பு வேறு எங்கோ இருக்கிறது.

2024-இல் மலேசியப் பொருளாதாரம் 5.1 விழுக்காடு வளர்ந்தது. அதே ஆண்டில் கிள்ளான் துறைமுகம், 20 அடி அளவில் கணக்கிட்டால், 14 மில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. நல்ல செய்திதான். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சம்பளமாகத் தொழிலாளர் கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 2023-இல் அறிவிக்கப்பட்ட மடானி பொருளாதாரத் திட்டம் இதை 45 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்கிறது.

காரணம் புதிதல்ல. அந்நியத் தொழிலாளர்களைக் குறைந்த கூலிக்கு எடுக்க முடிந்ததால், பல முதலாளிகள் இயந்திரங்களிலும் பயிற்சியிலும் பணம் போடவில்லை. பட்டதாரிகள் பெருகிய அளவுக்கு அவர்களுக்கேற்ற வேலைகள் பெருகவில்லை. உயர்கல்வி முடித்து வேலை செய்வோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையே சொல்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி; 2025-இல் 1,700. இந்த உயர்வு அவசியம். அதைக் குறை சொல்பவர்கள் அந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும். ஆனால் ஏணியின் கீழ்ப்படி மட்டும் உயர்ந்து, மேல்படிகள் இருந்த இடத்திலேயே நின்றால், ஏறுவதற்கு என்ன மிச்சம்?

இதற்காகத்தான் முற்போக்குச் சம்பளக் கொள்கையை அரசாங்கம் 2024-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. தொழிலாளருக்குத் திறன் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தையும் உயர்த்தும் முதலாளிக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். நல்ல யோசனை, ஆனால் கட்டாயமில்லை. சிங்கப்பூரில் துப்புரவு நிறுவனங்கள் உரிமம் பெற இப்படியொரு சம்பளப் படிநிலையைப் பின்பற்றியே ஆக வேண்டும்; 2014 முதல் அதுதான் நிபந்தனை. இங்கேயும் அரசாங்கக் குத்தகை எடுக்கும் நிறுவனங்களுக்காவது இதைக் கட்டாயமாக்கலாமே? மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வேலை அது.

பையனிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: "அதே கிடங்கில் ஐந்து வருஷமா இருக்கிறவருக்கு எவ்வளவு சம்பளம்னு கேட்டுப் பாருப்பா."

மறுவாரம் வந்து சொன்னான், 1,900 என்று. டிப்ளோமா இடத்தை இன்னும் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கவில்லையாம்.