சேர்வரின் வயதை விடுங்கள், பிரதி எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள் முழுக்க வாசியுங்கள்.

2023இல் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலில் மாட்டியது ஞாபகம் இருக்கும். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. 2021இலேயே புதுப்பிக்க நினைத்தார்களாம், காசு இல்லாமல் தள்ளிப்போனதாம்.

கொழும்பிலேயே இப்படி என்றால் ஹட்டன், நுவரெலியா பக்கத்துச் சின்ன அலுவலகங்களை யோசித்துப் பாருங்கள். மழைக்கால ஈரலிப்பு, இடி மின்னல், சொல்லாமல் வரும் மின்வெட்டு. இதற்கு நடுவில் இருபது வருஷப் பழைய ஸ்கஸி சேர்வர் ஒன்று ஓடினால், அதன் டிஸ்க் போன அன்றைக்குத்தான் கஷ்டம் தெரியும். கடையில் கிடைக்கும் சாட்டா டிஸ்க் அதில் பொருந்தாது. 73 ஜீபி, 146 ஜீபி ஸ்கஸி டிஸ்க் வேண்டுமென்றால் பாவித்ததைத்தான் தேட வேண்டும்.

"தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று சொல்வது சுலபம். காசு எங்கே? வாங்க முடியாத இடத்தில் பழையதை ஓட்டுவதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் மூன்று வேலை கட்டாயம்.

ஒன்று, சேர்வர் நன்றாக ஓடும்போதே மேலதிக டிஸ்க் இரண்டை வாங்கி, எத்தனை மணித்தியாலம் ஓடியது, கெட்ட செக்டர் உண்டா என்று பரிசோதித்து வையுங்கள்.

இரண்டு, "ரெய்ட் இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லாதீர்கள். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போகலாம். தவறுதலாக அழித்த கோப்பை ரெய்ட் திருப்பித் தராது.

மூன்று, ஒரு பிரதி வேறு கட்டடத்தில், வயர் எதிலும் இணைக்காமல் இருக்க வேண்டும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

மலையகத்தில் இது வெறும் கணினி விஷயம் இல்லை. 1948இல் ஒரு சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த மக்கள் இவர்கள். 2003இல்தான் இன்னொரு சட்டம் எஞ்சியவர்களுக்கும் வழி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் "நான் இங்கே பிறந்தவன்" என்று நிரூபிக்கக் கடதாசி தேடி அலைந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளையின் அனுமதிப் பதிவும் பரீட்சைப் பெறுபேறும் இன்று ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. அது அமானிதம். நம்மை நம்பி ஒப்படைத்த பொருள்.

அதனால் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "சேர், பிள்ளைகளின் பதிவுகளைக் கடைசியாக எப்போது பிரதி எடுத்தீர்கள்? அது எங்கே இருக்கிறது?"

பதில் இல்லையென்றால், அபிவிருத்திச் சங்கத்தின் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.