போனது வரலாறு பார்க்கவா, விஸ்கி பார்க்கவா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இந்தக் கோடையில் உங்களில் சிலர் ஸ்காட்லாந்து போய் வந்த படங்களைப் போட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே திட்டம். காலையில் இன்வர்னஸில் வாடகைக் கார். கலோடன் போர்க்களம், 4,000 ஆண்டுப் பழமையான கிளாவா கல்லறைகள், எல்ஜின் பேராலயம் மூன்றையும் மதியத்துக்குள் முடித்துவிட்டு, சாயங்காலம் வரை ஸ்பேசைடில் விஸ்கி ஆலைகள். தலைப்பு "பாரம்பரியப் பயணம்". கீழே, "குடியைக்கூட எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள்! நம் ஊர் டாஸ்மாக்கும் இருக்கிறதே!" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

நானும் என் மகனோடு அங்கே ஓர் ஆலையைச் சுற்றிப் பார்த்தவன்தான். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் சர்க்கரையை இறக்கி, புளிக்கவைத்து, செம்புக் கலன்களில் பெரும்பாலும் இரண்டு முறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். அறிவியல் பாடம் நடத்த அருமையான இடம். போனதைக் குறை சொல்லவில்லை.

ஆனால், விற்பவன் நடத்தும் கண்காட்சியை வைத்து ஒரு நாட்டின் குடியை எடைபோடலாமா? ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். நேரடியாக மதுவால் நேர்ந்தவை என்று அங்கே 2023-இல் பதிவான மரணங்கள் 1,277. உங்கள் "மரியாதையான குடி"யின் கணக்கு இதுதான். ஆலையைச் சுற்றிக் காட்டுபவர் இதைச் சொல்ல மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல மாட்டார். மலிவு மதுவைத் தடுக்க, குறைந்தபட்ச விலை வைக்க அந்த நாடாளுமன்றம் 2012-இல் சட்டம் போட்டது. எதிர்த்து நீதிமன்றம் போனது யார் தெரியுமா? ஸ்காட்ச் விஸ்கி சங்கம். வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, 2017 நவம்பரில் அரசு ஜெயித்து, 2018 மே மாதம்தான் ஒரு யூனிட்டுக்கு 50 பென்ஸ் என்ற விலை நடப்புக்கு வந்தது. 2024 செப்டம்பர் முடிவில் அது 65 பென்ஸ் ஆனது. குடியைப் பற்றி அந்த நாடே கவலைப்பட்டுச் சட்டம் போடுகிறது. நம் பிள்ளைகள் போய்ப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்கள்!

சரி, பாரம்பரியத்துக்கு வருவோம். 1746 ஏப்ரல் 16. கலோடனில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த சண்டையில் சார்லஸ் ஸ்டூவர்ட் பக்கம் நின்றவர்களில் சுமார் 1,500 பேர் மடிந்தார்கள். அதன்பின் மலைநாட்டு ஆண்கள் தங்கள் உடையை உடுத்துவதற்கே தடை வந்தது, 1782-இல்தான் நீங்கியது. அடுத்தடுத்த தலைமுறைகளில், ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று நிலக்கிழார்கள் குடியானவர்களை வீட்டைவிட்டே விரட்டினார்கள். வரிக்குப் பயந்து அந்த மக்கள் மலை மடிப்புகளில் ஒளிந்து வடித்த சரக்குதான் விஸ்கி. 1823-இல் வரியைக் குறைத்துச் சட்டம் வந்த பிறகே உரிமம் பெற்ற ஆலைகள் பெருகின. அன்று தடைசெய்த கட்டம்போட்ட துணி இன்று புட்டிக்கு அலங்காரம். இதையெல்லாம் யோசிக்க வேண்டிய இடத்தில், குலப்பெயர் வெட்டிய கற்கள் நிற்கும் புதைமேட்டின் முன் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துவிட்டு, "ஆலையில் முன்பதிவுக்கு நேரமாச்சு" என்று ஓடியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் வரலாறா?

அடுத்து, எனக்கு வயிற்றைக் கலக்கிய படம். இரண்டு ஆலைகளில் கையில் கோப்பையோடு சிரிப்பவரின் மற்றொரு கையில் கார் சாவி. தம்பி, அங்கே 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் எல்லை. இங்கிலாந்தில் 80 இருக்க, ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் தனக்குக் குறைத்துக்கொண்டது. நம் இந்தியச் சட்டத்தில் 30. ஓட்டுபவரின் பங்கைச் சிறு புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் அங்கே பல ஆலைகளில் இருக்கிறது. மரியாதை என்றால் அதுதான் மரியாதை. அதைப் படம் எடுத்துப் போட்டவர் ஒருவருமில்லை.

"சார், டாஸ்மாக்கை ஆதரிக்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. அப்பன் கூலி கடையில் கரைந்துவிட, வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். ஆனால் அந்தக் கடைக்குச் செம்பும் பித்தளையும் பூசிவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு வந்துவிடாது. அழகான கோப்பையில் குடித்தால் ஈரல் கொஞ்சம் நாகரிகமாகக் கெடும் என்பதும் கிடையாது.

இனிப் போகிறவர்கள் கலோடனுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது கொடுங்கள். ஆலை ஒன்று போதும். சாவி வைத்திருப்பவர் புட்டியை வாங்கிப் பையில் போடட்டும். "மரியாதையான குடி" என்று எழுதக் கை வந்தால், பக்கத்திலேயே 1,277 என்றும் எழுதுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதவும்.