கொசுவலையும் கொள்ளை லாபமும்

"துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்தான் உயர்ந்த ரகம், கிழித்துச் செய்வது பழைய காலத்து ஏழை வைத்தியம்!" குடலிறக்கம் கண்ட தொழிலாளி தனியார் ஆஸ்பத்திரியின் வாசற்படியை மிதித்ததுமே அவன் காதில் ஓதப்படும் மந்திரம் இது. இதற்கு ஆதாரம் உண்டா?

அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் வயிற்றுச் சுவர் இளைத்திருந்தால், பஞ்சு பேலைப் புரட்டும்போதும், நெல் மூட்டையைத் தோளேற்றும்போதும், இருமும்போதும் குடல் அந்த வழியாகப் பிதுங்குகிறது. படுத்தால் உள்ளே போகும். எழுந்தால் வெளியே வரும். மாத்திரையோ இடுப்புப் பட்டையோ அந்த ஓட்டையை மூடாது. (பிதுக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் கண்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திராதீர்கள். குடல் அழுகி உயிருக்கே ஆபத்து வரும்.)

1880களில் இத்தாலிய டாக்டர் பஸ்ஸினி, இளைத்த சுவரை இழுத்துப் பிடித்துத் தைத்தார். அந்தக் காலத்துக்கு அது மாபெரும் சாதனை. ஆனால் நைந்த வேட்டியை இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? தையலுக்குப் பக்கத்தில் கிழியும்! பலருக்குப் பிதுக்கம் திரும்ப வந்தது. கானடாவில் ஷோல்டைஸ் என்பவர் அடுக்கடுக்காகத் தைக்கும் முறையைக் கண்டார். கைதேர்ந்தவர்களிடம் அது இன்றும் நல்ல பலன் தருகிறது. 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லிக்டென்ஸ்டைன் இழுத்துத் தைப்பதையே விட்டார். கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதுபோல் பிளாஸ்டிக் வலைத்துணியை வைத்துத் தைத்தார். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே இதற்குப் போதும்.

துளை ஆபரேஷனிலும் வைப்பது வலைத்துணியைத்தான். வழிதான் வேறு, பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். அமெரிக்காவில், பட்டாளத்திலிருந்து விலகியவர்களுக்கான 14 சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் பிதுக்கம் திரும்பியது, துளை போட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. கிழித்துச் செய்தவர்களில் ஐந்து பேருக்கு! துளை முறையில் முதல் நாட்களின் வலி குறைவு, வழக்கமான வேலைக்கு ஒரு நாள் முன்னதாகத் திரும்பலாம் என்பதும் உண்மை. 250-க்கு மேல் செய்து பழகிய டாக்டர்களிடம் துளை முறையும் நன்றாகவே இருந்தது. இரு பக்கமும் பிதுக்கம் உள்ளவர்களுக்கும், முன்பு கிழித்துச் செய்து திரும்ப வந்தவர்களுக்கும் துளை முறை ஏற்றது. 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டி இரண்டையும் ஏற்கிறது. டாக்டரின் கைப்பழக்கம்தான் முக்கியம், கருவியின் பளபளப்பு அல்ல.

சரி, அந்த வலைத்துணியின் விலை என்ன? இங்கேதான் கொள்ளை!

மகாராஷ்டிரத்தில் துலே ஜில்லா, தொண்டாயிச்சா என்ற சிற்றூரின் டாக்டர் தோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தி, பல ஊர் டாக்டர்களுடன் சேர்ந்து சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார். கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. பாதிப் பேருக்குக் கம்பெனி வலை. பாதிப் பேருக்குக் கொசுவலை. ஓராண்டில் பிதுக்கம் திரும்பியது கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்கு. மற்றவர்களில் யாருக்கும் இல்லை. சீழ், வீக்கம் முதலிய தொல்லைகள் இரு தரப்பிலும் 44 பேருக்கு, சமம்! விலையோ? கம்பெனி வலை நூறு டாலருக்கு மேல்; கொசுவலைத் துண்டு ஒரு டாலர்கூட இல்லை!

"ஏழை என்றால் வயிற்றில் கொசுவலையா?" என்று ரோஷப்படும் தோழர்கள் கேட்கட்டும். அமெரிக்க டாக்டர் அஷர் 1958-ல் அறிமுகம் செய்த பிளாஸ்டிக் வலையும் பாலிஎதிலீன்தான். உகாண்டாவில் வைத்ததும் பாலிஎதிலீன்தான். கடையில் வலை வாங்கி டாக்டரிடம் நீட்டச் சொல்லவில்லை. பூச்சி மருந்து தோய்க்காத, தேர்ந்தெடுத்த துணியை, முறைப்படி நீராவியில் கிருமி நீக்கி வைக்க வேண்டும். அது ஆஸ்பத்திரியின் வேலை. தரம் பார்ப்பது சர்க்காரின் வேலை.

இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் விலை உச்சவரம்பு கட்டியது. ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் கட்டியது. மூட்டை சுமப்பவன் வயிற்றில் வைக்கும் ஒரு சாண் வலைக்கும் கட்டு! மலிவு வலையைத் தரம் பார்த்து ஜில்லா, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பு!