அம்மாவின் முறமும் கண்ணுக்குத் தெரியாத ஒளியும்

போன சனிக்கிழமை கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து முறத்தில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். தங்கையின் மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. கோதுமைக் கஞ்சி கொடுக்கப் போகிறார்களாம். பாக்கெட் மாவு வேண்டாம், நானே சுத்தம் பண்ணி மில்லில் அரைத்துத் தருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார். முறத்தின் ஓரத்தில் பத்துப் பதினைந்து மணிகள் தனியாகக் கிடந்தன. சூம்பிப்போய், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்த மணிகள். இரண்டில் லேசான ரோஜா நிறம்.

“இதெல்லாம் சொத்தை. பிள்ளைக்கு ஆகாது” என்றார். ஏன் ஆகாது என்று கேட்டேன். “எங்க அம்மா போட மாட்டாங்க. நானும் போட மாட்டேன்.”

அம்மாவுக்குக் காரணம் தெரியாது. ஆனால் கை சரியாகத்தான் பொறுக்கியிருக்கிறது. கனடா, அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் கோதுமை பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், ஃபுசேரியம் என்ற பூஞ்சை கதிரில் ஏறிவிடும். அந்த வெளுப்பும் ரோஜா நிறமும் பெரும்பாலும் அதன் வேலை. பூஞ்சை விட்டுச்செல்லும் நஞ்சின் பெயர் டிஆக்சிநிவலெனோல். வாயில் நுழையாத பெயர் என்பதால் தானிய வியாபாரிகள் ‘வாமிட்டாக்சின்’, அதாவது வாந்தி நஞ்சு, என்றே சொல்கிறார்கள். சமையல் சூட்டுக்கு இது அவ்வளவு எளிதில் அழியாது. மாவு போன்ற கோதுமைப் பொருள்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்காவின் வழிகாட்டு அளவு. குழந்தை உணவுக்கு அனைத்துலக உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு அதில் ஐந்தில் ஒன்றுதான்.

பத்து லட்சத்தில் ஒன்று என்றால் ஆயிரம் டன்னில் ஒரு கிலோ. இது கோதுமை முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் பிழைத்தோம். அப்படி இருக்காது. கடுமையாகத் தாக்கப்பட்ட ஒரே மணியில் சில நூறு பங்குகூட இருப்பது உண்டு. முந்நூறு பங்கு உள்ள ஒரு மணி முந்நூறு மணிகளில் கலந்தால் போதும், மொத்தமும் அந்த எல்லையைத் தொட்டுவிடும். கப்பலில் ஆயிரக்கணக்கான டன் வரும்போது எந்த மணியை எடுத்துச் சோதிப்பது?

இங்கேதான் ஒளி வருகிறது. சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு என்று 1800இல் வில்லியம் ஹெர்ஷல் ஒரு முப்பட்டகத்தையும் வெப்பமானியையும் வைத்துக் கண்டுபிடித்தார். தானியத்தின் மேல் அந்த ஒளியைப் பாய்ச்சினால், தண்ணீர், புரதம், மாவுச்சத்து ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்ளும். மீதி திரும்பி வரும். அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நோரிஸ் 1960களில் இதைத் தானியச் சோதனைக்குக் கொண்டுவந்தார். இன்று விவசாயி லாரியில் கொண்டுவரும் கோதுமையின் ஈரப்பதமும் புரதமும் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடுகின்றன.

ஆனால் நஞ்சு? ‘ஒளியால் நஞ்சைக் கண்டுபிடிக்கும் கருவி’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். புரதம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்கிறது. நஞ்சு பத்து லட்சத்தில் ஒன்று. அவ்வளவு சின்ன அளவை இந்த ஒளி நேரடியாகப் பார்க்க முடியாது. அது பார்ப்பது பூஞ்சை தின்ற தடயத்தை: குறைந்த மாவுச்சத்து, சிதைந்த புரதம், மாறிய நிறம். வீடு கலைந்திருப்பதைப் பார்த்துத் திருடன் வந்திருக்கிறான் என்று ஊகிப்பது மாதிரி. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒவ்வொரு கோதுமை மணியாக இப்படிச் சோதித்துக் காட்டினார்கள். இன்று மணி மணியாகப் பிரித்துத் தள்ளும் இயந்திரங்களும் உண்டு. வறட்சியில் சூம்பிய மணியையும் அது சந்தேகப்படலாம். பார்க்க நன்றாயிருந்து உள்ளே நஞ்சு வைத்திருக்கும் மணியை விட்டும்விடலாம். அதனால் கருவி ஒதுக்கியதை ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், இந்தக் கருவி நீதிபதி இல்லை, நல்ல காவல்காரன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பேராக் சம்பவத்தை நினைவுபடுத்தினார். 1988இல் அங்கே நூடுல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னது அஃப்ளடாக்சின். அது வேறு பூஞ்சையின் நஞ்சு. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் வைத்திருக்கும் தானியத்தில்கூட வளரக்கூடிய பூஞ்சை அது. வயலில் தப்பித்த கோதுமையை நம் சமையலறை டப்பாவே கெடுக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

“அப்போ நான் கழுவுறது வீணா?” என்றார்.

வீண் இல்லை. வாந்தி நஞ்சு தண்ணீரில் கரையும். கழுவினால் கொஞ்சம் போகும். முறத்தில் புடைத்தால் எடை குறைந்த மணிகள் முன்னால் பறந்துவிடும், நஞ்சு அதிகம் இருப்பது பெரும்பாலும் அவற்றில்தான். ஆனால் கழுவியதை அன்றே நன்றாகக் காயவைக்க வேண்டும், அரைத்ததைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்றேன்.

அம்மா வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்திருந்தது. “அப்போ இன்னைக்குக் கழுவலை. நாளைக்கு வெயில் அடிச்சா பார்க்கலாம். நீ அந்த முறத்தை உள்ள கொண்டு போய் வை.”