இரண்டாவது கட்டம் எங்கே?

ரிங்கு சிங்னு சொன்னதும் 2023 ஐபிஎல்லில் கடைசி ஓவரில் அஞ்சு சிக்ஸ் அடிச்சவர்தான் உங்க ஞாபகத்துக்கு வருவார். நான் சொல்லப்போவது இன்னொரு ரிங்கு சிங்கை. அவரும் உத்தரப்பிரதேசம், அவரும் இடது கை. ஆனா ஆட்டம் பேஸ்பால். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர், 2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் ஜெயித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார். 2014இல் டிஸ்னி அதைப் படமாக்கியது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

படத்தில் காட்டாத கஷ்டமெல்லாம் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். மேஜர் லீக் போகணும்னா மைனர் லீகில் படிப்படியா ஏறணும். அங்கே ஸ்டாண்டில் ஸ்பீடு கன்னோட ஸ்கவுட் உட்கார்ந்திருப்பார். அவர் எழுதும் ரிப்போர்ட்டைப் பற்றித்தான் நான் பேசணும்.

மார்க் 20 முதல் 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஃபாஸ்ட்பால், கர்வ்பால், சேஞ்சப், கட்டுப்பாடு என்று தனித்தனி மார்க். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்: இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு ஆகலாம். 19 வயதுப் பையனின் சேஞ்சப்புக்கு இன்று 35, நாளை 55 என்று எழுதலாம். அந்த 55ஐ ஸ்பீடு கன் சொல்லாது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வீசுறானா, அடி வாங்கின அடுத்த பந்தை எப்படிப் போடுறான் என்று உட்கார்ந்து பார்க்கணும்.

ராண்டி ஜான்சனை எடுத்துக்கோங்க. ஆறடி பத்து அங்குல உயரம், இடது கை, பயங்கர வேகம். ஆனா குறி இல்லை. 1990, 91, 92 மூன்று வருடமும் அமெரிக்கன் லீகிலேயே அதிக 'வாக்' கொடுத்தவர் அவர்தான். இன்றைய மார்க்கை மட்டும் பார்த்திருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். காத்திருந்தாங்க. கடைசியில் 303 வெற்றி.

மார்க் பர்லி இதுக்கு நேரெதிர். அவரும் இடது கைதான், ஆனா வேகம் கம்மி. 1998 டிராஃப்டில் 38ஆவது சுற்றில்தான் அவர் பெயர் வந்தது. அவர் எடுத்தது 214 வெற்றி. 2009இல் ஒரே ஆட்டத்தில் 27 பேரையும் வரிசையா அவுட்டாக்கி 'பெர்ஃபெக்ட் கேம்' வேற.

"அந்த இரண்டாவது கட்டமும் தப்பாகுமே?"னு கேட்பீங்க. ஆகும். ரிங்கு சிங் மேஜர் லீகைத் தொடவில்லை. சிங்கிள் ஏ நிலையோடு நின்றது; முழங்கையில் அறுவை சிகிச்சையும் ஆனது. ஆனா அந்தக் கட்டமே இல்லைன்னா, பேஸ்பாலையே தொட்டிராத ஒருத்தர் அந்த மைதானத்துக்குள்ளயே வந்திருக்க மாட்டார். கணிப்பு தப்பலாம், கணிக்கவே மறுப்பது அதைவிடப் பெரிய தப்பு.

இப்போ நம்ம பக்கம் வாங்க. சிஜிபிஏ, கட்-ஆஃப், கோடிங் டெஸ்ட் ஸ்கோர் எல்லாமே முதல் கட்டம் மட்டும்தான். கம்பெனிகளை நாம மாத்த முடியாது. ஆனா கிளப்புக்கும் ப்ராஜெக்ட் டீமுக்கும் ஜூனியர்களை எடுப்பது நாமதானே? அங்கேயும் "ஏற்கெனவே என்ன தெரியும்?"னு மட்டும் கேட்டு அனுப்பிடுறோம். சால்டரிங் தெரியாதவனை ரோபோட்டிக்ஸ் கிளப் வாசலிலேயே நிறுத்தினா, அவன் எங்கே போய்க் கத்துக்குவான்?

அடுத்த செலக்‌ஷனில் பேப்பரில் ஒரு கோடு போடுங்க. இடப்பக்கம் இன்று, வலப்பக்கம் நாளை. வலப்பக்கத்தை நிரப்ப ஐந்து நிமிட இன்டர்வியூ பத்தாது. ஒரு சின்ன வேலை கொடுத்து, ரெண்டு வாரம் கூட இருந்து பாருங்க.