தனி வகுப்பேற்றி வீண் சுமையன்று

ஜேஎஸ்பி பக்கங்களைத் தொகுத்து இயக்கத் தனி வகுப்பேற்றிகள் தேவையில்லை, பயன்பாட்டின் பொது ஏற்றியே போதும் என்னும் வாதம், ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் அடிப்படை விதியொன்றைக் கணக்கில் கொள்ளாததால் நிலைக்காது. வகுப்பேற்றி என்பது தொகுக்கப்பட்ட பைட்கோடைப் படித்து, இயங்கக்கூடிய வகுப்பாக வரையறுக்கும் பொருள்; ஒரு வகுப்பின் அடையாளம் பெயரால் மட்டுமன்றி, அதை வரையறுத்த ஏற்றியாலும் அமைவதால், ஒரே ஏற்றி ஒரே பெயரை இருமுறை வரையறுக்க முயன்றால் லிங்கேஜ்எரர் என்னும் பிழையே எழும்.

டாம்கேட் சேவையகத்தின் ஜாஸ்பர் தொகுப்பி இவ்விதிக்கு இணங்கவே இயங்குகிறது. அது ஒரு பக்கத்தை முதலில் சர்வ்லெட்டாக, அதாவது கோரிக்கைக்கு விடையளிக்கும் ஜாவா வகுப்பாக, எழுதித் தொகுத்து, அப்பக்கத்திற்கே உரிய ஏற்றியின் வழியாக ஏற்றுகிறது; பக்கம் திருத்தப்பட்டால் பழைய ஏற்றியைக் கைவிட்டுப் புதியதை அமைக்கிறது. அந்த ஏற்றி பக்க வகுப்புகளை மட்டும் தானே தேடி, ஏனையவற்றைத் தாய் ஏற்றியிடம் ஒப்படைப்பதால், பொது வகுப்புகள் இரட்டிப்பதில்லை. திருத்தச் சோதனையும் இயல்பமைப்பில் 4 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் நடப்பதில்லை.

நினைவகக் கசிவு பற்றிய அச்சத்தில் உண்மை உண்டு: பழைய வகுப்பின் பொருளைப் பொது வகுப்பின் ஸ்டேடிக் மாறி பற்றிக்கொண்டிருந்தால், அதன் ஏற்றி விடுவிக்கப்படாது. அக்குறை அவ்வாறு எழுதப்பட்ட நிரலுக்கு உரியதே தவிர, ஏற்றி முறைக்கு உரியதன்று. பக்கங்கள் மாறாத சூழலில் அவற்றை முன்கூட்டியே தொகுத்துவிடலாம். திருத்தம் தொடரும் சூழலில் தனி ஏற்றியை நீக்குவது, ஓரெழுத்துத் திருத்தத்திற்கும் முழுப் பயன்பாட்டையும் மீளேற்ற வைக்கும் என்பதால், ஏற்கத்தக்கதன்று.