கட்சிக்குள் காரம்! வெளியே இனிப்பு!

அமெரிக்காவில் ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறவர், முதலில் தம் கட்சிக்குள்ளேயே ஓட்டு வாங்கி ஜெயிக்க வேண்டும். அங்கே காரசாரமாகப் பேசினால்தான் கைதட்டல்!

ஜெயித்த பிறகு? பொதுமக்களிடம் போக வேண்டுமே! பேச்சில் காரம் குறையும். முன்பு கொடுத்த வாக்கு? யாருக்கும் நினைவிருக்காது என்ற தைரியந்தான்!

2012-ல் மிட் ராம்னியின் ஆலோசகர் இதை வாய் தவறிச் சொல்லிவிட்டார். குழந்தைகள் படம் போடும் விளையாட்டுப் பலகையை ஆட்டினால் கோடுகள் அழியும். அதுபோல எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்றார். விடுவார்களா? உட்கட்சி எதிரிகள் அந்தப் பலகையைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார்கள்! முடிவில் ராம்னி ஒபாமாவிடம் தோற்றார்.

1964-ல் பாரி கோல்டுவாட்டர் மாறவில்லை. சுதந்திரத்தைக் காக்கத் தீவிரம் காட்டுவது குற்றமல்ல என்று முழங்கினார். அவருக்குக் கிடைத்தவை 6 மாநிலங்கள். ஜான்சனுக்கு 44!